இரண்டு வீடுகளை இணைக்க உலகத்துக்கே கதவைத் திறக்க வேண்டுமா?

மாணவர்களே, உங்கள் வீட்டில் பழைய கணினி ஒன்று சும்மா கிடக்கிறதா? அதில் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் பொருத்தி, ஜெல்லிஃபின் அல்லது ப்ளெக்ஸ் மென்பொருளை நிறுவினால் அது ஒரு மீடியா சர்வர் ஆகிவிடும். அக்காள் திருமணக் காணொளி, பத்துமலைத் தைப்பூசத்தில் எடுத்த படங்கள், தாத்தா ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்கள் என எல்லாவற்றையும் வரவேற்பறைத் தொலைக்காட்சியிலேயே பார்க்கலாம். இதுவரை சிக்கல் எதுவும் இல்லை.

கிள்ளானில் உங்கள் வீட்டில் இருக்கும் இந்தச் சர்வரை ஈப்போவில் பாட்டி வீட்டுத் தொலைக்காட்சியிலும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இணையத்தில் தேடினால் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் பதில், ‘போர்ட் ஃபார்வர்டிங் செய்யுங்கள்’ என்பதுதான். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் ஓர் எண்ணைத் திறந்துவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை. என் வகுப்பில் கணினியில் கெட்டிக்காரர்களான மாணவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். இரண்டு குடும்பங்கள் மட்டும் பகிர்ந்துகொள்ளும் ஒரு சர்வருக்கு இது தவறான வழி என்பது என் கருத்து. காரணம் சொல்கிறேன்.

ஐபி முகவரியின் நான்காம் பதிப்பு 32 பிட் நீளம் கொண்டது. படிவம் நான்கு கணிதத்தில் ‘அசாஸ் நொம்போர்’ படித்தவர்கள் 2-இன் அடுக்கு 32 எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 430 கோடி வரும். உலகில் உள்ள எல்லாக் கைப்பேசிக்கும் கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் அது போதாது. எனவே வீடுகளுக்குள் பயன்படுத்தவென்றே சில முகவரிகள் ஒதுக்கப்பட்டன. 1996-இல் வெளியான ஒரு இணையத் தர ஆவணம் இதை வரையறுத்தது. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் அந்த வகை. உங்கள் வீட்டுச் சர்வர் 192.168.1.20 என்றால், அதே எண் லட்சக்கணக்கான வீடுகளில் இருக்கும். வெளியுலகம் பார்ப்பது உங்கள் ரௌட்டரின் பொது முகவரி ஒன்றை மட்டுமே. வீட்டுக்குள்ளிருந்து யாராவது கேட்ட பதில் வந்தால் ரௌட்டர் உள்ளே விடும். கேட்காமல் வருவதைத் தள்ளிவிடும்.

போர்ட் ஃபார்வர்டிங் செய்வது இந்தக் காவலை ஓரிடத்தில் விலக்குவதாகும். ‘இந்த எண்ணைக் கேட்டு யார் வந்தாலும் நேரே சர்வரிடம் அனுப்பு’ என்று ரௌட்டருக்குச் சொல்கிறீர்கள். பாட்டி வீட்டுக்காகத்தான் திறக்கிறீர்கள். ஆனால் வருவது பாட்டி வீடா, வேறு யாரோவா என்று ரௌட்டருக்குத் தெரியாது.

“என் வீட்டு முகவரி யாருக்குத் தெரியும் சார்?” என்று கேட்பீர்கள். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இசட்மேப் என்ற கருவியை வெளியிட்டார்கள். வினாடிக்கு ஒரு கிகாபிட் வேக இணைப்புள்ள ஒரே ஒரு கணினியைக் கொண்டு, அந்த 430 கோடி முகவரிகளின் பொது வெளி முழுவதிலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்க அதனால் முடிந்தது. ஒரு பள்ளிப் பாடவேளை நேரம்தான்! திறந்திருக்கும் கதவுகளை ஓயாமல் தேடிப் பட்டியல் போடும் தேடுபொறிகளே இருக்கின்றன.

கடவுச்சொல் இருக்கிறதே என்றால், கடவுச்சொல்லைக் கேட்பதும் அந்த மென்பொருள்தான். அதிலேயே ஓட்டை இருந்தால்? 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற கடவுச்சொல் காப்பு நிறுவனத்தில் நடந்த பெரிய தரவுத் திருட்டு இதற்குச் சரியான பாடம். திருடர்கள் அந்த நிறுவனத்தின் மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினி வழியாக நுழைந்தார்கள். அந்தக் கணினியில் இருந்த ப்ளெக்ஸ் மென்பொருளின் பழைய பதிப்பில் இருந்த ஓட்டைதான் அவர்களுக்கு உதவியது. அதற்கான திருத்தத்தை ப்ளெக்ஸ் 2020 மே மாதமே வெளியிட்டுவிட்டது. அந்தக் கணினியில் மட்டும் அது புதுப்பிக்கப்படவில்லை. கணினிப் பாதுகாப்பே தொழிலாகக் கொண்ட இடத்தில் வேலை செய்பவர் வீட்டிலேயே இப்படி என்றால், எஸ்பிஎம் தேர்வுக்குப் படித்துக்கொண்டே நீங்கள் மாதாமாதம் சர்வரைப் புதுப்பிப்பீர்கள் என்று நான் நம்பத் தயாராக இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அப்படியென்றால் என்ன செய்வது? இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு சுரங்கப்பாதை அமைக்கலாம். வயர்கார்ட் என்ற மென்பொருள் இதைச் செய்கிறது. ஜேசன் டோனன்ஃபெல்ட் என்பவர் உருவாக்கிய இது, 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 பதிப்புடன் அதன் கருவிலேயே சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு சாதனத்துக்கும் இரண்டு சாவிகள்: ஒன்று இரகசியச் சாவி, மற்றொன்று பொதுச் சாவி. கிள்ளான் வீடு ஈப்போ வீட்டின் பொதுச் சாவியைத் தெரிந்து வைத்திருக்கும். ஈப்போ வீடு கிள்ளான் வீட்டினுடையதை. செல்லும் செய்தி முழுவதும் மறையாக்கம் செய்யப்படும். எனக்கு மிகவும் பிடித்த அம்சம் வேறு. சரியான சாவி இல்லாதவர் வந்து தட்டினால், வயர்கார்ட் ‘முடியாது’ என்றுகூடப் பதில் சொல்லாது. மௌனம்தான். தட்டியவருக்கு அங்கே ஒரு கதவு இருப்பதே தெரியாது.

இதிலும் ஒரு பக்க ரௌட்டரில் ஒரு எண்ணைத் திறக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் நிற்பது சாவி கேட்கும் சுரங்கப்பாதை, சர்வர் அல்ல. சில வீடுகளில் அந்த எண்ணையும் திறக்க முடியாது. பொது முகவரிகள் போதாததால் சில இணைய நிறுவனங்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைத் தருகின்றன. உங்கள் ரௌட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்களில் தொடங்கினால் நீங்களும் அந்த வரிசையில் இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே டெயில்ஸ்கேல் போன்ற சேவை உதவும். அதுவும் வயர்கார்டைத்தான் பயன்படுத்துகிறது. இரண்டு வீடுகளும் ஒரே நேரத்தில் உள்ளிருந்து வெளியே செய்தி அனுப்பும். தான் அனுப்பியதற்கு வந்த பதில் என்று நினைத்து இரண்டு ரௌட்டர்களும் எதிர்ப்பக்கச் செய்தியை உள்ளே விட்டுவிடும். அழகான தந்திரம் இல்லையா?

பலர் கைவிட்டுவிடும் இடம் ஒன்று இருக்கிறது. சுரங்கப்பாதை தயார், இரு பக்கமும் பச்சை விளக்கு எரிகிறது, ஆனாலும் படம் வரவில்லை. மென்பொருளைத் திட்டுவதற்கு முன் இரு வீட்டு முகவரிகளையும் எழுதிப் பாருங்கள். கடையிலிருந்து வரும் ரௌட்டர்களில் பெரும்பாலானவை 192.168.0 அல்லது 192.168.1 என்றே தொடங்கும். இரு வீடுகளும் 192.168.1 ஆக இருந்தால், பாட்டி வீட்டுத் தொலைக்காட்சி 192.168.1.20-ஐத் தேடும்போது ‘இது நம் வீட்டு எண்தானே’ என்று வீட்டுக்குள்ளேயே தேடும். சுரங்கப்பாதையின் பக்கமே போகாது. ஒரே பெயருள்ள இரண்டு தாமான்களில் ஒரே வீட்டு எண் இருந்தால் தபால்காரர் படும் பாடுதான்.

தீர்வு எளிது. ஒரு வீட்டின் முகவரித் தொடரை 192.168.50 என்பது போல மாற்றிவிடுங்கள். 192.168-க்குள் மட்டும் இப்படி 256 தொடர்கள் உண்டு, பஞ்சமில்லை. உங்கள் வீட்டில் மாற்றுங்கள், பாட்டி வீட்டில் வேண்டாம். ஏதாவது நின்றுபோனால் சரிசெய்ய நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டுமே! அச்சுப்பொறி, கண்காணிப்புக் கேமரா போன்றவற்றுக்கு நிலையான முகவரி கொடுத்திருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். அப்பா வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் இதில் கை வைக்காதீர்கள்.

சுரங்கப்பாதையையும் அளவோடுதான் திறக்க வேண்டும். சிலர் இரு வீடுகளின் எல்லாச் சாதனங்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுகிறார்கள். பாட்டியை நம்புகிறோம், சித்தப்பாவை நம்புகிறோம். சித்தப்பா மகன் எங்கிருந்தோ இறக்கிய விளையாட்டு ஓடும் மடிக்கணினியை நம்ப முடியுமா? ஈப்போவிலிருந்து வருபவர்களுக்குச் சர்வரின் ஒரே ஒரு முகவரியை மட்டும் அனுமதியுங்கள். இது பாசம் குறைந்ததன் அடையாளம் இல்லை. சர்வரில் என்ன வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். வீட்டுக் காணொளிகளைப் பகிர்வது வேறு, திருட்டுப் படங்களைப் பகிர்வது வேறு. இரண்டாவதற்கு நான் வழி சொல்லவில்லை.

இவ்வளவு பாடுபடாமல் கூகுள் ஃபோட்டோஸில் போட்டுவிடலாமே என்று கேட்கலாம். சில நூறு படங்கள் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், அதுவே போதும். ஆனால் பல மணி நேரக் காணொளிகளை முழுத் தரத்தில் வைக்க மாதக் கட்டணம் கேட்பார்கள். விதிகளும் மாறும். ப்ளெக்ஸ்கூட 2025 ஏப்ரலில், சொந்த சர்வரில் உள்ள காணொளியை வெளியிலிருந்து பார்ப்பதைக் கட்டண வசதியாக மாற்றியது. டெயில்ஸ்கேலும் ஒரு நிறுவனத்தின் சேவைதான் என்பதால் எனக்கு வயர்கார்டே முதல் விருப்பம்.

கருவிகளை வாங்கக் கடைக்கு ஓடுவதற்கு முன் உங்கள் வீட்டின் பதிவேற்ற வேகத்தை அளந்து பாருங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பதிவிறக்க வேகத்தை. பாட்டிக்குப் படம் போவதோ உங்கள் பதிவேற்றத்தில். நல்ல தரமுள்ள 1080பி காணொளிக்கு வினாடிக்கு 8 மெகாபிட் அளவு தேவைப்படலாம். கைப்பேசியில் 4கே தரத்தில் எடுத்தது 50 வரைகூடக் கேட்கும்.

ஏற்கெனவே போர்ட் ஃபார்வர்டிங் செய்திருப்பவர்கள் இன்றே ஒரு சோதனை செய்யலாம். கைப்பேசியில் வைஃபையையும் சுரங்கப்பாதைச் செயலியையும் அணைத்துவிடுங்கள். மொபைல் டேட்டாவை மட்டும் வைத்துக்கொண்டு, வீட்டின் பொது முகவரியையும் சர்வரின் போர்ட் எண்ணையும் உலாவியில் தட்டுங்கள். ஜெல்லிஃபினுக்கு அந்த எண் வழக்கமாக 8096, ப்ளெக்ஸுக்கு 32400. சர்வரிடமிருந்து ஏதாவது பதில் பக்கம் வந்தால், அதே பக்கம் உலகில் யாருக்கும் வரும். ரௌட்டருக்குள் போய் அந்த விதியை அழித்துவிட்டு, மறுபடியும் தட்டிப் பாருங்கள்.