ஜீப்பைத் தூக்குற மகராசன்களுக்கு...

மலைக்கோட்டைக்குப் படிக்கட்டு, ஸ்ரீரங்கத்துக்குப் பாலம். நடுவுல ஜீப்பை மூணு இஞ்ச் தூக்கி எங்கய்யா ஏறப்போறீங்க? (நானும் தூக்கினவன்தான், ஹி ஹி!)

மூணே மாசம். பின் ஆக்ஸிலுக்குப் போற புரொப்பல்லர் ஷாஃப்ட்டுல கிராஸ் தேஞ்சு கடகடன்னு சத்தம். வீட்டு வாசல்லயே கழட்டிப் புதுசு மாட்டினேன். மறுபடியும் அதே ஆட்டம்! தப்பு ஷாஃப்ட்டுல இல்ல சாமி, தூக்கினதுல. உயரம் கூடினா சாய்வு கூடும், கிராஸ் தேயத்தான் செய்யும்.

"ஷாஃப்ட் மாத்தினா சரியாயிடும்"னு சொல்ற பண்டிதர்களே, காவேரிப் பாலத்துல அது கழண்டு விழுந்தா யார் பொறுப்பு? கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தக்கூடாதுன்னு 2019-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. நான் பழைய உயரத்துக்கே இறக்கிட்டேன். நீங்க?

டிஸ்கி: ஷாஃப்ட்டைக் கழட்டிட்டா கியர் வண்டியைப் பிடிக்காது. சக்கரத்துக்குக் கட்டை வைக்காம அடியில படுக்காதீங்க.