ஆகோளுக்குப் பத்துப் பொம்மைகள் போதும்

மேசைமீது சிறு பொம்மை வீரர்களை நிறுத்தி, அளவுநாடாவால் தூரம் அளந்து, பகடை உருட்டி ஆடும் சிறுபோர் ஆட்டத்தைப் பற்றி இலக்கிய நண்பர்களிடம் பேச்செடுத்தால் இரண்டு மறுப்புகள் தயாராக இருக்கின்றன. ‘இது வெள்ளைக்காரன் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு’ என்பது ஒன்று. ‘போரை விளையாட்டாக்குவது வக்கிரம்’ என்பது மற்றது. இரண்டையும் சொல்பவர்கள் புறத்திணை படித்துப் பட்டம் பெற்றவர்கள் என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதல் மறுப்பில் பாதி உண்மை. பிரஷ்யப் படை அதிகாரிகளுக்காக ரைஸ்விட்ஸ் 1824இல் வகுத்த பயிற்சி ஆட்டமும், நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ என்ற விதிநூலும் இதன் முன்னோர்கள். ஆனால் பெரும்படைகளை நகர்த்தும் ஆட்டம் வேறு, சிறுபோர் வேறு. இங்கே ஒரு பொம்மை என்றால் ஓர் ஆள். பக்கத்துக்கு ஐந்து பேர், மிஞ்சினால் பதினைந்து பேர். 2015இல் வெளிவந்த ஃப்ரோஸ்ட்கிரேவ் என்ற ஆட்டத்தில் ஒரு குழுவுக்குப் பத்துப் பேர்தான். சிலர் இருட்டில் போய், ஒன்றைக் கவர்ந்து, துரத்துபவர்களை மறித்துத் திரும்பி வரும் கதைக்கு நம்மிடம் பழைய பெயர் இருக்கிறது: வெட்சி. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழி எழுத்து நடுகல்லிலேயே ‘ஆகோள்’ என்ற சொல் பொறிக்கப்பட்டிருக்கிறது. சமமில்லாத இரு தரப்பை மோதவிட்டு ஆடுவதும் நமக்குப் புதிதன்று. மூன்று புலிக்குப் பதினைந்து ஆடு என்று கோயில் மண்டபத் தளங்களில் கோடு கீறி ஆடியவர்கள் நாம்.

பதினைந்து ஆண்டுகளாக வெட்சித் துறைகளை வகுப்பில் நடத்திவருகிறேன். மாணவர்கள் பதினான்கையும் மனப்பாடமாக எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ‘வேய்’ என்றால் ஒற்று என்று எழுதும் மாணவனிடம், ஒற்றன் போய்த் திரும்பும்வரை மற்றவர்கள் எங்கே பதுங்கியிருப்பார்கள் என்று கேட்டால் விழிக்கிறான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. தொல்காப்பியத்தை நாம் அகராதியாக்கி வைத்திருக்கிறோம். அது தருவதோ வரிசைப்படியான ஒரு செயல்முறை. விரிச்சி கேட்பது, ஒற்றறிவது, ஊரைச் சூழ்வது, ஆநிரை கொள்வது, துரத்தி வருபவரை மறிப்பது, பசுக்களை நோகாமல் ஓட்டி வருவது, கடைசியில் பங்கிடுவது. ஒரு சிறுபோர் ஆட்டத்துக்கு வேறென்ன வேண்டும்?

எப்படித் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் முதல் அறிவுரை: கடைக்குப் போகாதீர்கள். இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாகப் பொம்மைகளை வரவழைத்து, சுங்கம் கட்டி, வண்ணமும் தூரிகையும் வாங்கி அடுக்கி, ஓர் ஆட்டம்கூட ஆடாமல் ஓய்ந்துபோகிறவர்கள் உண்டு. வாங்குவதையே ஆடுவதாக நம்பவைக்கும் வியாபாரம் அது. எங்கள் கரிசல் மண் காய்ந்தால் வெடித்துவிடும். ஆகவே குயவரிடம் களிமண் வாங்கி, ஓர் அங்குலத்துக்குச் சற்று கூடுதலான உயரத்தில் பத்து ஆட்களைப் பிடியுங்கள். வில்லுக்கு ஈர்க்குச்சி. வெட்சியார் ஐவருக்குச் சிவப்புப் பொட்டு, கரந்தையார் ஐவருக்கு வேறு நிறம். பசுக்களுக்கு ஆறு புளியங்கொட்டைகள். மூன்றடிக்கு மூன்றடி தரை. கருவேலங்குச்சிகள் முள்காடு, அடுக்கிய புத்தகங்கள் கண்மாய்க் கரை. பொம்மை பிள்ளைகளுக்குரியது என்பவர்கள் நவராத்திரிக்குக் கொலு வைக்காமல் இருக்கட்டும்.

விதிகள் ஒரு தாளில் அடங்கும். இரு தரப்பும் மாறி மாறி ஒவ்வோர் ஆளாக நகர்த்த வேண்டும். ஆளுக்கு ஆறு அங்குலம், முள்காட்டுக்குள் மூன்று, பசுவோடு என்றால் நான்கு. பன்னிரண்டு அங்குலத்துக்குள் மறைவின்றி நிற்பவன்மீது அம்பு விடலாம். ஆறுமுகப் பகடையில் ஐந்தோ ஆறோ விழுந்தால் பட்டது. பசுவோடு நிற்பவன்மீது விட்டு ஒன்று விழுந்தால், பசு செத்தது. கைகலப்பில் இருவரும் உருட்ட, கூடுதல் எண் வெல்லும். தொடங்குமுன் விரிச்சிக்கு ஒரு பகடை; ஒன்று விழுந்தால் ஊர் விழித்துக்கொண்டது, கரந்தையார் முதலில் நகர்வார்கள். நான்கு பசுக்கள் உயிரோடு எல்லை தாண்டினால் வெட்சிக்கு வெற்றி. இரண்டு ஆட்டம் ஆடிப் பாருங்கள். ‘பூசல்மாற்று’ ஏன் தனித் துறையாயிற்று என்பது உரையாசிரியர் துணையின்றியே விளங்கும். பசுவோடு போகிறவன் மெதுவாகத்தான் போக முடியும். எவனாவது பின்தங்கி நின்று சாக வேண்டும். அவனுக்கும், மீட்கப் போய் விழுந்தவனுக்கும் கல் நட்டார்கள்.

வக்கிரம் என்ற இரண்டாவது மறுப்பு கனமானது. நாகலாபுரத்தில் இருந்துகொண்டு அதைத் தட்டிக்கழிக்க முடியாது. கட்டபொம்மனின் தானாபதி சுப்பிரமணிய பிள்ளையை 1799 செப்டம்பரில் கும்பினியார் தூக்கிலிட்டது இவ்வூரில்தான். அப்போது பறிக்கப்பட்ட பாளையங்களில் நாகலாபுரமும் ஒன்று. அந்தச் சாவுகளை மேசையில் பரப்பலாமா என்கிறார்கள். இப்போது அவற்றை என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். 1959இல் வந்த திரைப்படத்தின் வசனமாக்கினோம். பிறகு சாதிச் சுவரொட்டியாக்கினோம். ஊமைத்துரை திரும்பக் கட்டிய பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டை 1801 மார்ச் 31 அன்று பீரங்கியோடு வந்த படையை எப்படித் திருப்பியடித்தது, மே 24 அன்று அதே கோட்டை ஏன் விழுந்தது என்று நம் விழா மேடைகளில் யார் விளக்குகிறார்கள்? வீரம், துரோகம் என்ற இரண்டு சொற்களோடு வரலாறு முடிந்துவிடுகிறது.

ஆட்டத்தில் ஒரு விதியை நான் கட்டாயமாக்குவேன். முதல் ஆட்டம் முடிந்ததும் இருவரும் இடம் மாறி உட்கார வேண்டும். வெட்சி ஆடியவர் கரந்தை ஆட வேண்டும். எதிராளி ஏன் அங்கே நின்றான், அவனுக்கு எது தெரிந்திருந்தது, எது தெரியவில்லை என்று அவனிடத்திலிருந்து பார்க்க வேண்டும். முன்னோர் பெருமையைத் தத்தம் சாதிக்குப் பட்டா போட்டுக்கொள்ளும் நம் தென்மாவட்டங்களில் எந்த மேடையும் ஒருவனை எதிர்ப்பக்கம் போய் உட்காரச் சொல்வதில்லை. ஆகவே பாளையக்காரர் போரில் தொடங்க வேண்டாம். பெயர் தெரியாத வெட்சியாரிலும் கரந்தையாரிலும் தொடங்குங்கள். இடம் மாறி உட்காரப் பழகிய பிறகு பாஞ்சாலங்குறிச்சி மதிலுக்கு வரலாம். சிறுபோரைச் சில முறை ஆடியவனுக்குப் பெரும்போர் எவ்வளவு பெரிய மூடத்தனம் என்று விளங்கிவிடும் என்பதே வெல்ஸின் வாதமும். அடுத்த ஆண்டே உலகப்போர் மூண்டது. அதை மூட்டியவர்கள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்தவர்களாகத் தெரியவில்லை.

பத்துப் பொம்மைகள், ஆறு புளியங்கொட்டைகள், ஒரு பகடை. மறுப்பவர்கள் இரண்டு பக்கமும் ஆடிவிட்டு வந்து மறுக்கட்டும்.