எதிரும் புதிருமாக இரண்டு கொடி: தலைவர்கள் கைகோர்ப்பார்கள், தொண்டன் கோர்ட்டு வாசலில் நிற்பான்!

அம்பத்தூர்,

ஞாயிற்றுக்கிழமை. எஸ்டேட்டில் ஷிப்டு இல்லை. "தலைவர் வர்றாரு, வேன் ரெடியா இருக்கு, ஏறுப்பா" என்று வட்டச் செயலாளர் கூப்பிடுகிறார். பிரியாணி உண்டு. கையில் ஒரு கொடி.

அம்பத்தூர் ஓ.டி.யிலோ, ஆவடி பஸ் நிலையத்திலோ, பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலோ ஊர்வலம் திரும்புகிறது. எதிரே இன்னொரு கூட்டம். அவர்கள் கையில் கருப்புக்கொடி. "திரும்பிப் போ" என்று கோஷம். இந்தப் பக்கமும் பதில் கோஷம். நடுவில் போலீசார் கயிறு பிடித்து நிற்கிறார்கள்.

யாரோ ஒருத்தர் செருப்பை வீசுகிறார். அவ்வளவுதான். தள்ளுமுள்ளு, தடியடி, கைது!

எந்தக் கட்சிக்காரருக்கும் இது நடக்கலாம். ஆனால் மறுநாள் திங்கட்கிழமை யாருக்கு வேலை போகிறது, யார் மீது வழக்கு நிற்கிறது என்பதுதான் கேள்வி.

அன்றும் இன்றும்

அரசியல் கூட்டம் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு புதுசு இல்லை. 1955 ஜனவரியில் அகில இந்திய காங்கிரஸ் மாநாடே ஆவடியில்தான் நடந்தது. சோசலிச பாணி சமுதாயம் அமைப்போம் என்று அங்கேதான் தீர்மானம் போட்டார்கள்.

கருப்புக்கொடியும் தமிழ்நாட்டுக்கு பழக்கமானதுதான். 1958 ஜனவரியில் சென்னைக்கு வந்த பிரதமர் நேருவுக்கு தி.மு.க.வினர் கருப்புக்கொடி காட்டினார்கள்.

60 வருடம் கழித்து அதே காட்சி. 2018 ஏப்ரல் 12-ந்தேதி பிரதமர் மோடி சென்னை வந்தார். காவிரி மேலாண்மை வாரியம் அமைக்காததை எதிர்த்து ஊரெங்கும் கருப்புக்கொடி. வானத்தில் கருப்பு பலூன். கருணாநிதி வீட்டிலும் கருப்புக்கொடி ஏறியது. பிரதமரோ விமான நிலையத்தில் இருந்து திருவிடந்தைக்கு ஹெலிகாப்டரில் பறந்தார். ரோட்டில் நின்றவர்களும் அவரும் நேருக்கு நேர் பார்க்கவே இல்லை.

அதற்கு 2 நாள் முன்பு, ஏப்ரல் 10-ந்தேதி சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். கிரிக்கெட். காவிரிக்காக மைதானத்தை முற்றுகையிட வந்தவர்களும், டிக்கெட் வாங்கி வந்த ரசிகர்களும் ஒரே ரோட்டில் மோதிக்கொள்ள நேர்ந்தது. மஞ்சள் சட்டை போட்டவர்களுக்கு அடி விழுந்தது. போலீஸ்காரரும் தாக்கப்பட்டார். மீதி மேட்ச் புனேவுக்கு போய்விட்டது.

இரண்டு சம்பவத்துக்கும் ஒரே வித்தியாசம்தான். ஒன்றில் இரண்டு தரப்புக்கும் நடுவே இடைவெளி இருந்தது. இன்னொன்றில் இல்லை.

மதுரை பாடம்

இடைவெளி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பெரிய உதாரணம் மதுரை. 1977 அக்டோபர் 29-ந்தேதி இந்திரா காந்தி அங்கே வந்தார். எமர்ஜென்சி நேரத்தில், 1976 ஜனவரி 31-ந்தேதி தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட கோபம் ஆறவில்லை. கருப்புக்கொடி போராட்டத்தில் கல்வீச்சு நடந்தது. அப்போது காங்கிரசில் இருந்த பழ.நெடுமாறன் உள்ளிட்டோர் குறுக்கே நின்று அடியை வாங்கி இந்திராவைக் காப்பாற்றினார்கள்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. 1980 ஜனவரி பாராளுமன்ற தேர்தலில் தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் ஒரே கூட்டணி! இரண்டே வருடத்தில் ஒரே மேடை. எதிரும் புதிருமாக நின்று மண்டை உடைந்த தொண்டர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். அவர்களிடம் யார் கேட்டார்கள்?

ஒரே நாள், இரண்டு நிகழ்ச்சி

சமீப காலத்தில் இந்தப் பிரச்சினை பெரிதாக வெடித்தது 2022-ல். அக்டோபர் 2-ந்தேதி ஊர்வலம் என்று ஆர்.எஸ்.எஸ். அறிவித்தது. அதே நாளில் மனித சங்கிலி என்று விடுதலை சிறுத்தைகளும் இடதுசாரி கட்சிகளும் அறிவித்தன. போலீஸ் இரண்டுக்கும் அனுமதி மறுத்தது.

மனித சங்கிலி அக்டோபர் 11-ந்தேதி நடந்து முடிந்தது. ஊர்வல வழக்கு மட்டும் ஐகோர்ட்டு, சுப்ரீம் கோர்ட்டு என்று நடந்தது. சட்டம்-ஒழுங்கு கெடும் என்று தமிழக அரசு ஒரு வழக்குப் பட்டியலைக் கொடுத்தது. அதில் பல வழக்குகளில் அந்த அமைப்பினர் தாக்கப்பட்டவர்களாகவே இருக்கிறார்கள் என்று சுட்டிக்காட்டிய சுப்ரீம் கோர்ட்டு, 2023 ஏப்ரல் 11-ந்தேதி அப்பீலை தள்ளுபடி செய்தது. ஏப்ரல் 16-ந்தேதி 45 இடங்களில் ஊர்வலம் நடந்தது. அம்பத்தூரை ஒட்டிய கொரட்டூரும் அதில் ஒன்று.

இரண்டு தரப்பும் அவரவர் நாளில் நடத்தினார்கள். இதில் உள்ள பாடம் எளிது. எதிர்ப்பு வரும் என்று ஊர்வலத்தை தடுப்பதும் சரியில்லை. ஊர்வலம் வருகிறது என்று எதிர்ப்பாளர் வாயை அடைப்பதும் சரியில்லை. இடத்தையும் நேரத்தையும் பிரித்துக் கொடுப்பதுதான் போலீஸ் வேலை. 2022 ஜனவரி முதல் ஆவடிக்கு தனி போலீஸ் கமிஷனர் இருக்கிறார். அனுமதிக்கு யாரிடம் போவது என்ற குழப்பமும் இந்தப் பகுதிக்கு இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

கருப்புக்கொடி காட்டுவது மட்டுமே குற்றம் ஆகாது. முதல்-மந்திரிக்கு கருப்புக்கொடி காட்டிய வழக்கை கேரள ஐகோர்ட்டு 2024 நவம்பரில் ரத்து செய்தது. கரூர் மாவட்டம் வேலாயுதம்பாளையம் வழக்கில் சென்னை ஐகோர்ட்டு 2018 செப்டம்பரில் இன்னும் தெளிவாக சொன்னது. அரசு மீதான அதிருப்தியை அமைதியாக காட்டுவது சட்டவிரோத கூட்டம் ஆகாது. தடை உத்தரவை மீறியதாக போலீசாரே நேரடியாக எப்.ஐ.ஆர். போடவும் முடியாது.

ஆனால் கை நீண்டால் கதை வேறு. கல், செருப்பு வீசினால், பஸ் கண்ணாடி உடைந்தால், போலீஸ்காரர் சட்டையைப் பிடித்தால் அது பெரிய வழக்கு. பணியில் இருக்கும் அரசு ஊழியரை தாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 132-வது பிரிவில் ஜாமீனில் விட முடியாத குற்றம். 2 வருடம் வரை ஜெயில்.

கல்யாண மண்டபத்தில் அடைத்து சாயங்காலம் விடுவது முன்னெச்சரிக்கை கைது. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது. "பேர், அட்ரஸ் எழுதிட்டு விட்டாங்க, முடிஞ்சுது" என்று பலர் நினைக்கிறார்கள். வழக்கும் பதிவானதா என்று அன்றே கேட்டு தெரிந்துகொள்வது நல்லது. எத்தனையோ பேருக்கு பாஸ்போர்ட்டுக்கு மனு போடும்போதுதான் விஷயமே தெரிகிறது. துபாய், சிங்கப்பூர் வேலைக்கு கிளம்புகிறவருக்கு கோர்ட்டில் வழக்கு இருந்தால் பாஸ்போர்ட் சிக்கல். பையனோ பெண்ணோ போலீஸ் வேலைக்கு போனால் வழக்கு விவரம் கேட்பார்கள்.

வழக்கை வாபஸ் வாங்குவார்கள் என்ற நம்பிக்கையும் உண்டு. 2021 பிப்ரவரியில் அ.தி.மு.க. ஆட்சியிலும், அதே வருடம் தி.மு.க. ஆட்சியிலும் போராட்ட வழக்குகள் வாபஸ் என்று அறிவித்தார்கள். ஜல்லிக்கட்டு போராட்டம் நடந்தது 2017 ஜனவரியில். வாபஸ் அறிவிப்பு வந்தது 4 வருடம் கழித்து. அதுவரை வாய்தா வாய்தாவாக அலைந்தவர்கள் நாள் சம்பளத்தை இழந்தார்கள்.

கூட்டத்துக்கு போவது உரிமை. எதிர்த்து நிற்பதும் உரிமை. எதிரே கருப்புக்கொடி பிடித்து நிற்பவரும் பெரும்பாலும் இதே எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர், இதே மின்சார ரெயிலில் வருகிறவர்தான். அடுத்த தேர்தலில் அவர் கட்சியும் இவர் கட்சியும் கூட்டணி ஆகலாம்.

கோஷம் தொண்டையோடு நிற்கட்டும். கல் எடுக்க குனிகிறவர், அம்பத்தூர் கோர்ட்டு வாசலில் தனியாக நிற்கப்போவதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கட்டும். அன்றைக்கு வேன் அனுப்ப வட்டச் செயலாளர் வரமாட்டார்.