இணைச்சது கம்பெனியை மட்டும்தான்!

விமானமே இறங்காத காரைக்கால்ல உக்காந்துகிட்டு விமானி கதை எதுக்குங்கறீங்களா மக்களே? "லட்சத்துல சம்பளம், அப்புறமென்ன ஸ்ட்ரைக்கு?"ன்னு திட்டறதைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு.

2007ல ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் இணைச்சாங்க. சம்பளத்தையும் சீனியாரிட்டியையும் அப்படியே தொங்கல்ல விட்டாங்க. யார் எப்ப கேப்டன் ஆவார், யாருக்கு எந்த விமானம்னு தீர்மானிக்கறதே அந்த சீனியாரிட்டிதான். 2011ல சம சம்பளம் கேட்டு பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் 10 நாள் ஸ்ட்ரைக். 2012ல ட்ரீம்லைனர் பயிற்சியை அவங்களுக்கும் பங்கு போட்டதை எதிர்த்து ஏர் இந்தியா தரப்பு 58 நாள். 2024ல விஸ்தாரா இணைப்பு வந்தப்ப, மாச உத்தரவாதச் சம்பளத்தை 70 மணி நேரத்திலேர்ந்து 40ஆ வெட்டினதும் மறுபடி கொந்தளிப்பு.

இதுக்குப் பேரு பேராசையாம்! பொருத்தம் பாக்காம கல்யாணத்தை முடிச்ச பெருசுகளை விட்டுட்டு, பொண்ணையும் மாப்பிள்ளையையும் திட்டறோம். முதல்ல பட்டியல், அப்புறம் கையெழுத்து. அவ்ளோதான்.