அறையின் அளவை யார் தீர்மானிப்பது?

மங்கோலியப் புல்வெளியில் ஆடு மாடு மேய்க்கிறவன் கம்பளிக் கூடாரத்தில் குடியிருக்கிறான். மேய்ச்சல் தீர்ந்ததும் வீட்டைச் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறான். கம்போடியாவின் டோன்லே சாப் ஏரிக்கரையில் வீடுகள் உயரமான மரக்கால்களின் மேல் நிற்கின்றன. மழைக்காலத்தில் ஏரி பல மடங்கு பெருகும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். நம் நெல்லைச் சீமையில் வெயிலுக்குத் திண்ணையும் காற்றுக்கு முற்றமும் வைத்தார்கள். மண்ணும் மழையும் கேட்டபடி மனிதன் கட்டிக்கொண்ட வீடுகள் இவை. இந்த வேறுபாடு அழகானது.

ஆனால் இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. ஓர் ஊரில் தொழிலாளியின் வீட்டுக்குள்ளேயே குழாயும் கக்கூசும் இருக்கின்றன. இன்னோர் ஊரில் அவன் மனைவி விடியுமுன் எழுந்து வரிசையில் நிற்கிறாள். இதற்கு வெயில் காரணமா? மழை காரணமா? ஆட்சியும் சட்டமுமே காரணம் என்கிறோம்.

ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவைப் பாருங்கள். முதல் உலகப் போருக்கு முன் அங்கே அறை எடுக்க வசதியில்லாத தொழிலாளர்கள், படுக்கையை மட்டும் சில மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தார்கள். பம்பாய் மில் தொழிலாளர் அறைகளில் ஒரு ஷிப்டுக்காரர் எழுந்த இடத்தில் அடுத்த ஷிப்டுக்காரர் படுத்தாரே, அதே கதைதான். 1919-ல் நகராட்சி சோஷல் டெமாக்ரட் கட்சியின் கைக்கு வந்தது. 1923-ல் வீடு கட்டுவதற்கென்றே ஒரு வரி போட்டார்கள். சிறு வீட்டுக்குக் கொஞ்சம், மாளிகைக்கு நிறைய. 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. தொடக்கத்தில் கட்டிய சிறிய வீடே 38 சதுர மீட்டர். நம் கணக்கில் 400 சதுர அடிக்கு மேல். குழாயும் கக்கூசும் வீட்டுக்குள்ளே. 1930-ல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் குடியிருப்பில் மட்டும் 1,382 வீடுகள். சலவைக்கூடம், குளியல்கூடம், பாலர் பள்ளி, நூலகம் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. 1934 பிப்ரவரியில் தொழிலாளர்கள் எதிர்த்து நின்றபோது சர்வாதிகார அரசு அந்தக் குடியிருப்பைப் பீரங்கியால் சுட்டது. அந்த அரசு போய்விட்டது, வீடுகள் நிற்கின்றன. இன்றும் வியன்னா மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் நகராட்சி வீடுகளிலோ மானிய வீடுகளிலோதான் வாழ்கிறார்கள்.

நம்மவர்கள் பிழைக்கப் போன சிங்கப்பூருக்கு வருவோம். 1960-ல் அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. 1961 மே மாதம் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி எரிந்து ஏறத்தாழ 16,000 பேர் தெருவுக்கு வந்தார்கள். அடுக்குமாடி வீடுகள் மளமளவென்று எழுந்தன. இன்று அந்நாட்டுக் குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் பத்தில் எட்டுப் பேர் போல அந்தக் கழகம் கட்டிய வீடுகளில் இருக்கிறார்கள்.

இதைச் சொல்லிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாமல் விடமாட்டோம். அந்தக் கட்டடங்களை எழுப்புகிற வெளிநாட்டுத் தொழிலாளர்கள், அவர்களில் தமிழகத்திலிருந்து போனவர்களும் உண்டு, விடுதி அறைகளில் பத்துப் பேர், இருபது பேர் என்று அடைந்து கிடந்தார்கள். 2020-ல் கொரோனா பரவியபோது அந்நாட்டில் நோய் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த விடுதிவாசிகளே. ஒரே நகரம், ஒரே வெயில். குடிமகனுக்கு வீடு, கூலிக்காரனுக்குக் கட்டில்! யாரை 'நம்மவர்' என்று அரசு எண்ணுகிறதோ அவருக்குத்தான் வீடு.

மும்பையிலும் இந்தக் கேள்விதான் நிற்கிறது. 1981 ஜூலையில் நடைபாதைக் குடிசைகளை இடித்தபோது, சேலத்திலிருந்து வந்து இருபது ஆண்டு உழைத்த ஒரு தமிழ்த் தொழிலாளியைக் குடும்பத்தோடு பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கே அனுப்பினார்கள். வேலை தேடி அவர் திரும்பி வந்தார். உச்ச நீதிமன்றத்திலும் வழக்காடினார். உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று 1985-ல் நீதிமன்றம் சொன்னது. ஆனால் நடைபாதையில் தங்கும் உரிமையைத் தரவில்லை.

தாராவியின் சதுப்பு நிலத்தில் மண் கொட்டி மேடாக்கியவர்களில் நம் பாட்டன்மார் உண்டு. இன்றைய மறுசீரமைப்புத் திட்ட விதி என்ன சொல்கிறது? 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவியிலேயே இலவசமாக 350 சதுர அடி. மேல்மாடிக்காரருக்குத் தாராவிக்கு வெளியே வாடகை வீடு. அதே நகரத்தில் பி.டி.டி. சால்களில் 160 சதுர அடியில் இருந்த குடும்பங்களுக்கு 500 சதுர அடி என்று மாநில அரசே முடிவு செய்தது. அது நியாயம், வரவேற்கிறோம். அந்த நியாயம் தாராவிக்கு வரும்போது ஏன் குறுகுகிறது? ஏணியில் ஏறி மேல்மாடிக்குப் போகிறவன் வேறு ஊர்க்காரன் ஆகிவிடுவானா?

இடமில்லை, பணமில்லை என்பார்கள். வியன்னா போரில் தோற்ற நாட்டின் தலைநகரம். சிங்கப்பூர் ஒரு சிறு தீவு. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

தோழர்களே! நாம் கேட்பது மூன்று. தரைத்தளம், மேல்மாடி என்று பிரிக்காமல் குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்தையும் கணக்கில் எடுங்கள். வேலையும் பள்ளியும் இருக்கும் இடத்திலேயே வீடு கொடுங்கள். வாடகைக்கு இருப்பவரையும் மனிதராக எண்ணுங்கள். ரேஷன் கார்டையும் மின்கட்டண ரசீதையும் பத்திரப்படுத்துவோம்; பக்கத்து வீட்டு மராத்தியரோடும் முஸ்லிமோடும் சேர்ந்தே கேட்போம். கூரையின் வடிவத்தை மழை தீர்மானிக்கட்டும். அறையின் அளவைத் தீர்மானிக்கும் இடத்தில் நாமும் இருக்க வேண்டும்.