படுகளத்துப் பேரோசை

பகலெல்லாம் பிரசங்கியார் பாரதம் சொல்ல, இரவெல்லாம் தெருக்கூத்து நடக்க, அர்ச்சுனன் தபசு மரம் ஏறி, முடிவில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் படுகளத்தில் சாய்கிற வரையில், வயலையும் வாணிபத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு ஓர் ஊரே கண் விழித்திருக்கும் திரௌபதி அம்மன் திருவிழாக்கள் பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம் வட்டாரங்களில் இன்றும் நடக்கின்றன. அந்தப் பாரதப் போர் நடந்த குருக்ஷேத்திரத்தின் பெயரால், கடலுக்கு அப்பால் சிங்கப்பூரில், தமிழ் வம்சத்துப் பிள்ளைகள் சிலர் மின்கிதார்களின் கர்ஜனையோடு 2003-ஆம் ஆண்டில் ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள் என்ற சமாசாரத்தைத் தருமபுரி ஜில்லாவில் அறிந்தவர்கள் சிலரேனும் இருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகந்தான்.

அந்தக் குழுவின் பெயர் ருத்ரா. 1992-இல் தோன்றி, 1998-இல் முதல் ஆல்பத்தைத் தந்து, ‘குருக்ஷேத்ரா’வை மூன்றாவதாக அளித்த இவர்கள், டெத் மெட்டல் என்னும் அதிதீவிர இசையில் உபநிஷத்து, கீதை ஆகியவற்றின் சமஸ்கிருத வாக்கியங்களைச் சேர்த்து, அதற்கு ‘வேதிக் மெட்டல்’ என்று நாமகரணமும் செய்துகொண்டார்கள். பேஸ் கிதாரை மீட்டிக்கொண்டே கதிர் என்பவர் அடித்தொண்டையிலிருந்து உறுமுகிறார். இரண்டு கால்களாலும் மிதிக்கப்படும் டிரம்ஸ் இடைவிடாமல் அதிர்கிறது. முதல் முறை கேட்பவர், இது சங்கீதமா, சந்தைக்கடை இரைச்சலா என்று காதைப் பொத்திக்கொள்வது சகஜமே.

ஆயினும் அந்தக் கேள்வியைக் கேட்கும் யோக்கியதை நம்மில் கூத்துப் பார்த்தவர்களுக்கு உண்டா? ஒலிபெருக்கி என்பதே இல்லாத காலத்தில், திறந்த வெளியில், ஊரின் கடைக்கோடியில் அமர்ந்திருக்கும் கிழவிக்கும் எட்டவேண்டும் என்பதற்காக உச்ச ஸ்தாயியிலேயே விடியும்வரை பாடப் பழகிய குரல் அல்லவா கூத்துக் குரல்! திரைக்குப் பின்னால் நின்று துரியோதனன் தன் பிரதாபத்தை முழங்க, முகவீணை கிறீச்சிட, மிருதங்கமும் தாளமும் ஒன்றையொன்று துரத்த, கட்டியக்காரன் கூவியழைக்கிற அந்த வேளையில் சபையில் எழுவது இனிமை என்று எந்த வித்துவானும் சொல்லமாட்டார். யுத்தத்தைச் சொல்ல வந்த கலை மிருதுவாக இருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பதே தவறு என்பது என் அபிப்பிராயம். தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாமல் உறுமுவதும் வருஷக்கணக்கில் சாதகம் செய்து அடைய வேண்டிய வித்தையே.

தம் மண்ணின் கதைகளை மெட்டலில் சொல்லும் மார்க்கத்தில் அயர்லாந்துக்காரர்கள் நெடுந்தூரம் போயிருக்கிறார்கள். ருத்ரா பிறந்த அதே 1992-இல் டப்ளினில் பிறந்த குரூவகன் என்னும் குழு, தம் நாட்டுப் புராணங்களையும் நாட்டுப்புற வாத்தியங்களையும் மெட்டலோடு கலந்து 1995-இல் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. பிரைமார்டியல் என்னும் மற்றொரு குழுவோ, 2005-இல் வந்த ‘த கேதரிங் வில்டர்னஸ்’ ஆல்பத்தில், 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பிழைப்புத் தேடிக் கப்பலேறி, நடுக்கடலிலேயே மாண்ட ஏழைகளைப் பற்றிப் பாடியிருக்கிறது. சவப்பெட்டிக் கப்பல்கள் என்றே அவற்றுக்குப் பெயர்.

நம் பக்கத்திலும் அப்படியொரு பஞ்சம் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தில் மிகக் கொடுமையாக அடிபட்ட ஜில்லாக்களுள் சேலமும் ஒன்று. 1965-இல் தனி மாவட்டமாகப் பிரியும் வரையில் தருமபுரி அந்தச் சேலத்தின் அங்கமாகவே இருந்தது. அந்தப் பஞ்சத்தில் ராஜதானியிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களும் கணக்கற்றவர்கள். இவ்வளவு துயரத்தையும் வைத்துக்கொண்டு, நம் இளைஞர்கள் கிதாரைக் கையிலெடுத்தால் எங்கோ பனி பெய்யும் காடுகளைப் பற்றி ஆங்கிலத்தில் பாடுகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

ருத்ராவிடத்திலும் எனக்கு ஒரு குறை உண்டு. அவர்கள் வேதாந்தத்தின் உயரத்தில் நின்று பாரதத்தைப் பார்க்கிறார்கள். எங்கள் படுகளத்திலோ நூறு பிள்ளைகளைப் பறிகொடுத்த காந்தாரியின் ஒப்பாரியைக் கேட்டு, பாண்டவர் பக்ஷத்துப் பெண்களே கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அந்த அழுகையைத் தமிழில் தாங்கிவரும் ஒரு மெட்டல் ஆல்பத்தை நான் கேட்க ஆசைப்படுகிறேன்.

அப்படி ஒன்றைச் செய்ய முன்வருகிறவர்கள், ஒரு கைப்பேசியில் நாலு நிமிஷம் பதிவு செய்துகொண்டு நகரத்துக்குத் திரும்பிவிடாமல், கூத்து வாத்தியாரோடு சில இரவுகளாவது உட்கார்ந்து அடவும் விருத்தமும் கேட்டு, அவருடைய பெயரை அட்டையில் தங்கள் பெயருக்குச் சமமாக அச்சிட்டு, வருமானத்திலும் நியாயமான பங்கை எழுத்து மூலமாகவே ஒப்பந்தம் செய்து கொடுக்கவேண்டும். சினிமாப் பாட்டு ஆர்கெஸ்ட்ராவுக்குத் தாராளமாக அள்ளிக் கொடுத்துவிட்டுக் கூத்துக் குழுவிடம் பேரம் பேசுகிற ஊர்த் தர்மகர்த்தாக்களுக்கும் இதே யோசனையைச் சொல்வேன்.