வெட்டுக்கிளிக் குன்றும் ஊரைவிட்டுப் போன கல்லும்

மெக்சிகோ நகரத்து மெட்ரோ ரயிலில் எழுதப் படிக்கத் தெரியாதவரும் வழி தவறமாட்டார். ஒவ்வொரு நிலையத்துக்கும் பெயரோடு ஒரு சித்திரம் உண்டு. முதல் வழித்தடத்தில் வெட்டுக்கிளி வரைந்த பலகை தென்பட்டால் இறங்கிவிட வேண்டும். அதுதான் சாபுல்தெபெக். பழைய நாவாட்ல் மொழியில் 'சாபோலின்' என்றால் வெட்டுக்கிளி, 'தெபெட்ல்' என்றால் குன்று.

அந்த மெட்ரோ 1969 செப்டம்பர் 4-ல் ஓடத் தொடங்கியது. முதலில் இருந்தவை 16 நிலையங்கள் மட்டுமே. கிழக்கே சரகோசாவில் புறப்பட்ட ரயில் மேற்கே சாபுல்தெபெக்கில் நின்றது. நிலையச் சித்திரங்களை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் லான்ஸ் வைமன். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கின் சின்னத்தில் பங்களித்தவரும் அவரே. எழுத்தறிவு இல்லாத பயணிகள் அன்று நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இந்தப் படங்கள் வந்தன. பயணச்சீட்டின் விலை 2013-லிருந்து 5 பெசோ. நம் கணக்கில் ஏறக்குறைய 25 ரூபாய். எவ்வளவு தொலைவு போனாலும் அதே கட்டணம்தான்.

ஒரு பூங்காவைப் பற்றிய பேச்சை ரயிலிலிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. உலகத்தின் பெரிய நகரங்கள் பலவற்றில் அருங்காட்சியகமும் அரண்மனையும் இருக்கின்றன. நகரத்தின் மறுகோடியில் வாழும் குடும்பத்தால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, கையில் இருக்கும் சில்லறையிலேயே அங்கே போய்ச்சேர முடிகிறதா என்பதுதான் கேள்வி. மெக்சிகோ நகரத்தின் முதல் மெட்ரோ பாதை ஒரு பொதுப் பூங்காவின் வாசலில் போய் முடிந்தது. மெக்சிகோ குடிமக்களுக்கும் அங்கே வசிப்பவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவிலுள்ள கோட்டையிலும் மானுடவியல் அருங்காட்சியகத்திலும் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஏழைகளை வாசலுக்கு வெளியே நிறுத்தாத ஏற்பாடு இது. கோட்டைக்குள் இருக்கும் எந்தப் பொக்கிஷத்துக்கும் இது குறைந்ததல்ல.

பூங்கா என்ற சொல் இந்த இடத்துக்குச் சின்னது. ஊரார் இதை 'போஸ்கே', அதாவது காடு என்கிறார்கள். முதல் மூன்று பகுதிகள் மட்டுமே 680 ஹெக்டேருக்கு மேல் பரந்திருக்கின்றன. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கைப் போல இரண்டு மடங்கு. அஸ்டெக் மக்களின் தலைநகரான டெனோச்டிட்லான் ஏரி நடுவில் இருந்தது. ஏரியின் பெரும்பகுதி உவர்நீர். அதனால் நல்ல தண்ணீர் இந்தக் குன்றின் அடிவார ஊற்றுகளிலிருந்து வாய்க்கால் வழியாக நகருக்குப் போனது. வாய்க்கால் கட்டும் பணியை முன்னின்று நடத்தியவர் டெஸ்கோகோ மன்னரும் கவிஞருமான நெசவால்கோயோட்ல் என்பார்கள். இங்குள்ள அவெவெட்டே மரங்களை நட்டவரும் அவர்தான் என்பது மரபு. அவற்றில் ஒன்றுக்கு, குன்றின்மேல் பின்னாளில் இயங்கிய இராணுவக் கல்லூரியின் மாணவர்கள் 'சார்ஜென்ட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மெட்ரோ வந்த அதே 1969-ல் அது பட்டுப்போனது. பட்ட மரத்தை நகரம் வெட்டி அகற்றவில்லை. இன்றும் அது நின்றபடியே இருக்கிறது.

ஸ்பானியர்கள் வென்றபின், 1530-ல், ஐந்தாம் சார்லஸ் மன்னர் இந்தக் காடு நகரத்துக்குச் சொந்தம் என்று ஆணையிட்டார். காகிதத்தில் அப்போதே பொதுச்சொத்து. நடைமுறையில் அது மக்களின் கைக்கு வர நானூறு ஆண்டுக்கு மேலானது.

அந்த நானூறு ஆண்டுக் கதையைச் சொல்வது குன்றின் மேலிருக்கும் கோட்டை. வெயில் ஏறும் முன்பே நடந்துவிடுவது நல்லது. கடல் மட்டத்துக்கு மேலே 2,300 மீட்டர் உயரத்தில் மூச்சு சீக்கிரம் வாங்கும். 1785-ல் வைஸ்ராய் பெர்னார்டோ தெ கால்வெஸ் இதைக் கோடைமாளிகையாகக் கட்டத் தொடங்கினார். மறு ஆண்டே அவர் இறந்துபோனார். அரைகுறையாக நின்ற கட்டடம் பின்னாளில் இராணுவக் கல்லூரியானது. 1847 செப்டம்பர் 13-ல் அமெரிக்கப் படை குன்றின் மீது ஏறியபோது எதிர்த்து நின்றவர்களில் கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள். உயிர்விட்ட ஆறு பேரை மெக்சிகோ இன்றும் 'வீரக் குழந்தைகள்' என்று போற்றுகிறது. பெரும்பாலும் பதின்ம வயதினர். அவர்களில் ஹுவான் எஸ்குட்டியா, கொடி எதிரியின் கையில் சிக்கக்கூடாது என்று அதை உடலில் சுற்றிக்கொண்டு கீழே குதித்தார் என்பது பள்ளிப்பிள்ளைகள் அறிந்த கதை. அதன் ஒவ்வொரு விவரத்தையும் வரலாற்றாசிரியர்கள் ஒப்புவதில்லை. ஆனால் கோட்டையின் ஒரு கூடத்தில் அண்ணாந்து பார்த்தால், காப்ரியேல் புளோரெஸ் வரைந்த கூரை ஓவியத்தில் கொடி சுற்றிய அந்த உடல் நம் தலைமீதே விழுவதுபோல இறங்கிவருகிறது. அந்தச் சண்டைக்கு அடுத்த ஆண்டு கையெழுத்தான உடன்படிக்கையில் மெக்சிகோ தன் நிலப்பரப்பில் ஏறக்குறையப் பாதியை இழந்தது. நூறாண்டு கழித்து, 1947-ல், அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன் இங்கே வந்து அந்த மாணவர்களின் நினைவிடத்தில் மலர்வளையம் வைத்துத் தலைகுனிந்து நின்றார்.

1864-ல் பிரெஞ்சுப் படையின் துணையோடு ஆஸ்திரியாவிலிருந்து வந்த மாக்ஸிமிலியன், பேரரசர் பட்டத்தை ஏற்று இங்கேதான் குடியேறினார். மனைவி கார்லோட்டாவின் குளியலறைவரை இன்று பார்க்கலாம். கோட்டை முகப்பில் நின்றால் தென்படும், இன்று ரெஃபோர்மா சாலை எனப்படும் நேரான பெரும்பாதையும் மாக்ஸிமிலியன் போட வைத்ததே. மூன்றே ஆண்டில், 1867 ஜூன் 19-ல், கெரெட்டாரோவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

கோட்டையில் அவசரமாகக் கடந்துபோகக்கூடாத கூடம் ஒன்று உண்டு. அங்கே இரண்டு குதிரை வண்டிகள் நிற்கின்றன. ஒன்று மாக்ஸிமிலியனின் தங்கமுலாம் பூசிய விழாக்கால வண்டி. இன்னொன்று கறுப்பு வண்டி, அலங்காரம் எதுவும் இல்லாதது. சபோட்டெக் பழங்குடியில் பிறந்து நாட்டின் அதிபரான பெனிட்டோ ஹுவாரெஸ், பிரெஞ்சுப் படை துரத்தியபோது குடியரசை அந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு வடக்கு எல்லைவரை அலைந்தார். வென்றது கறுப்பு வண்டி. பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோர் வேறு எதையும் காட்டாவிட்டாலும் இந்த இரண்டையும் காட்டிவிட்டுப் போகலாம்.

அதன்பின் அதிபர்கள் இங்கே வாழ்ந்தார்கள். 1934-ல் பதவியேற்ற லாசாரோ கார்டெனாஸ், கோட்டையில் வாழமாட்டேன் என்று காட்டின் ஒரு மூலையிலிருந்த பண்ணை வீட்டுக்குப் போனார். 1939-ல் கோட்டையைத் தேசிய வரலாற்று அருங்காட்சியகமாக்க ஆணையிட்டார். 1944-ல் அது திறந்தது. ஒரோஸ்கோ, சிகெய்ரோஸ், ஓகோர்மன் போன்றவர்களின் சுவரோவியங்கள் பின்னர் அங்கே இடம்பெற்றன. எல் சல்வடாரின் பன்னிரண்டு ஆண்டு உள்நாட்டுப் போரை முடித்த ஒப்பந்தம் 1992 ஜனவரி 16-ல் கையெழுத்தானதும் இந்தக் கோட்டையில்தான். கார்டெனாஸ் குடிபோன லோஸ் பினோஸ் மாளிகை பின்வந்த அதிபர்களின் இல்லமாகவே நீடித்தது. 2018 டிசம்பர் 1-ல் அதுவும் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆட்சியாளர்கள் தாமே வெளியேறி வீட்டுச் சாவியைப் பொதுமக்களிடம் கொடுத்தது ஒரே காட்டில் இரண்டு முறை நடந்திருக்கிறது.

குன்றிலிருந்து இறங்கி ரெஃபோர்மா சாலையைக் கடந்தால் தேசிய மானுடவியல் அருங்காட்சியகம். 1964 செப்டம்பர் 17-ல் திறந்தது. பெத்ரோ ராமிரெஸ் வாஸ்கெஸின் வடிவமைப்பு. முற்றத்தில் ஒற்றைத் தூண் தாங்கும் மாபெரும் கூரை. அதைச் சுற்றித் தண்ணீர் மழைபோலக் கொட்டுகிறது. முற்றத்தின் கோடியில் மெஷிகா, அதாவது அஸ்டெக், கூடம். அங்கே 24 டன் எடையுள்ள சூரியக்கல் நிற்கிறது.

அந்தக் கூடத்திலேயே இன்னொரு சிலையும் இருக்கிறது. பூமித்தாய் கோவாட்லிக்யூ: தலைக்குப் பதில் எதிரெதிரே இரண்டு பாம்புகள், பாவாடையும் பாம்புகளால் பின்னியது. இந்தச் சிலையும் சூரியக்கல்லும் 1790-ல் நகரின் நடுச் சதுக்கத்தைத் தோண்டியபோது கிடைத்தவை. சூரியக்கல்லைப் பேராலயத்தின் சுவரில் பதித்தார்கள். தாய் சிலையைப் பல்கலைக்கழக முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். பழங்குடி மக்கள் மெழுகுவத்தியும் பூவுமாக அங்கே வரத் தொடங்கினார்கள். அஞ்சிய அதிகாரிகள் சிலையை மறுபடியும் மண்ணுக்குள் புதைத்தார்கள். 1803-ல் ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட் பார்க்க விரும்பியபோது தோண்டி எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்பப் புதைத்தார்கள். அறிஞருக்குக் காட்டலாம், கும்பிடுகிறவருக்குக் காட்டக்கூடாது. காலனி ஆட்சியின் மனத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது.

தமிழ் வாசகர் ஒருவர் இந்தக் கூடங்களில் நடந்தால், சோளக் கடவுள்களின் முன்னால் தன் அடுக்களையும் நினைவுக்கு வரும். மிளகாயும் தக்காளியும் மக்காச்சோளமும் இந்த மண்ணின் உழவர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டு பண்படுத்தியவை. கடல் கடந்து அவை வந்த பிறகுதான் இன்றைய ரசமும் சாம்பாரும். மேல்மாடியில் அந்த உழவர்களின் வாரிசுகளான இன்றைய பழங்குடி மக்களின் வீடு, நெசவு, வேளாண்மை ஆகியவற்றை வைத்திருக்கிறார்கள். கீழ்த்தளத்துப் பழம்பெருமையிலேயே நேரத்தைச் செலவழித்துவிட்டு மேலே ஏறாமல் திரும்புவது பெரும் இழப்பு.

இந்த அருங்காட்சியகத்தின் மீது கடுமையான விமர்சனத்தை வைத்தவர் மெக்சிகோவின் சொந்தக் கவிஞர் ஒக்டாவியோ பாஸ். இந்தியாவில் ஆறு ஆண்டுகள் தூதராக இருந்தவர். 1968-ல் ட்லாடெலோல்கோவில் தன் அரசு மாணவர்களைச் சுட்டுக் கொன்றதைக் கண்டித்துப் பதவி விலகியவர். நாட்டின் பலவகைப் பண்பாடுகளும் மெஷிகா பேரரசை நோக்கியே வந்துசேர்வதுபோல இந்தக் கட்டடம் காட்டுகிறது, நடுவண் அதிகாரத்துக்கு அது தெய்வீகப் பூச்சு கொடுக்கிறது என்பது அவர் வாதம். அவர் சொன்னது சரியா என்று அறிய உள்ளே தேடவேண்டாம். வாசலில் நிற்கும் கல்லே சாட்சி.

ஏழு மீட்டர் உயரம், 168 டன் எடை. மழைக் கடவுள் த்லாலோக் என்பார்கள். நீர்த்தெய்வமான பெண் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. பல நூற்றாண்டு அது டெஸ்கோகோவை அடுத்த கோவாட்லின்சான் கிராமத்தில், ஓடைப் படுகையில் மல்லாந்து கிடந்தது. மழைக்காக ஊரார் நம்பியிருந்த கல் அது. அருங்காட்சியக வாசலில் நிறுத்த அரசு அதைக் கேட்டது. பதிலுக்குச் சாலையும் பள்ளியும் மருத்துவ நிலையமும் தருவதாகச் சொன்னது. மக்கள் மறித்தார்கள். கல்லைத் தூக்கக் கட்டியிருந்த கம்பிவடங்களை அறுத்தார்கள். வண்டியின் சக்கரங்களில் காற்றைப் பிடுங்கினார்கள். அரசு இராணுவத்தை அனுப்பியது. 1964 ஏப்ரல் 16-ல் கல் தலைநகருக்குள் நுழைந்தது. ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்று வரவேற்றார்கள். வறண்ட பருவம்தான், ஆனால் அன்று பெருமழை கொட்டியது.

நகரத்தார் அந்த மழையை வியப்போடு நினைவுகூர்கிறார்கள். கிராமத்தார் அதன்பின் தங்கள் பக்கம் மழை குறைந்துவிட்டது என்கிறார்கள். வானிலைக் கணக்கு எப்படியோ, ஊர்மக்களின் இழப்பு உண்மையானது. டெஸ்கோகோ மன்னர் தலைநகருக்குத் தண்ணீர் கொடுத்தார். ஐந்நூறு ஆண்டுக்குப் பின் டெஸ்கோகோ பக்கத்து ஊரிலிருந்து தண்ணீர்த் தெய்வத்தையே தலைநகரம் எடுத்துக்கொண்டது.

மெக்சிகோவுக்கும் இந்த வலி தெரியும். அஸ்டெக் மன்னர் மொக்டெசுமாவினுடையது எனப்படும் பச்சை இறகுக் கிரீடம் வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மெக்சிகோவில் இருப்பது 1940-ல் செய்த நகல். பலமுறை கேட்டும் மூலம் திரும்பவில்லை. எடுத்துவந்தால் அதிர்வில் சிதைந்துவிடும் என்பது பதில். மெக்சிகோவின் கோரிக்கை நியாயமானது. அதே நியாயம் கோவாட்லின்சானுக்கும் பொருந்தும். 168 டன் கல்லை மறுபடியும் நகர்த்துவது எளிதல்ல. நகர்த்தியே ஆகவேண்டும் என்று இந்தக் கட்டுரை வாதிடவில்லை. ஆனால் ஹுவாரெஸின் வண்டியையும் மாக்ஸிமிலியனின் வண்டியையும் ஒரே கூடத்தில் வைத்துக்காட்டும் துணிவுள்ள நாடு, அறுக்கப்பட்ட வடங்களின் கதையையும் கல்லின் காலடியிலேயே பெரிய எழுத்தில், நாவாட்லிலும் ஸ்பானிய மொழியிலும், எழுதிவைக்க வேண்டும். எழுத்தறியாதவருக்காக வெட்டுக்கிளி வரைந்த நகரத்துக்கு அதைப் படமாக வரைந்துவைக்கவும் தெரியும்.

மாலையில் நேரம் மிஞ்சினால் காட்டின் இரண்டாம் பகுதிக்குப் போகலாம். பிள்ளைகளுக்கான சிறிய ரயில் அங்கே மரங்களுக்கிடையே ஓடுகிறது. 1951-ல் லெர்மா ஆற்றுப் படுகையிலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது தியேகோ ரிவேரா நீர்த்தொட்டிக்குள்ளேயே தீட்டிய ஓவியமும், வெளியே அவர் அமைத்த மற்றொரு த்லாலோக்கும் அங்கே உண்டு. அந்தத் தண்ணீரும் வேறு ஊர்களின் தண்ணீர்தான்.

கோவாட்லின்சானின் ஊர்ச் சதுக்கத்தில் இன்று த்லாலோக்கின் நகல் ஒன்று நிற்கிறது.